வாத்தியாருக்கு யார் மார்க் போடுவது?

1912ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டத்தில் பள்ளிக்கூடம் பற்றி ஒரு விதி இருந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது அது. பேராக்கில் இன்று 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இப்படித் தோட்டத்தில் பிறந்தவைதான். லயம் போய், ரப்பர் போய், செம்பனை வந்த பிறகும் பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பள்ளி வேண்டும் என்று சொன்ன சட்டம், அது எப்படிப்பட்ட பள்ளியாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. கட்டடம், வாத்தியார், சம்பளம் எல்லாம் துரையின் கையில். பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். அவர் நல்லா சொல்லிக் கொடுக்கிறாரா என்று யார் பார்ப்பது? துரை பார்க்கலாம், அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எப்போதாவது வரும் இன்ஸ்பெக்டர் பார்க்கலாம், அவர் அரை நாளில் போய்விடுவார். விடிவதற்குள் பெரட்டுக்குப் போய்விடும் அம்மாக்களுக்கு வாத்தியாரைப் பற்றி உறுதியான கருத்து இருந்தது. 'அந்த ஆளு ஒன்னும் சொல்லிக் கொடுக்கறதில்ல, புள்ளைங்கள எடுபிடி வேலைக்குத்தான் வெச்சிருக்காரு' என்று பைப்படியில் பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பேச்சு துரையின் காதுக்குப் போக வேண்டுமென்றால் கங்காணி வழியாகத்தான் போக வேண்டும். சில இடங்களில் அந்தக் கங்காணியேதான் வாத்தியார்.

பிள்ளைகளை யாரும் கேட்டதில்லை. அவர்களிடம் இருந்த ஒரே ஓட்டு, பள்ளிக்குப் போகாமல் இருப்பது.

இன்று அந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பேரர்களான எங்களைப் போன்றவர்களை ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பல்கலைக்கழகம் கேட்கிறது. திரையில் ஒரு பாரம் வரும். 'விரிவுரையாளர் பாடத்தைத் தெளிவாக விளக்கினார்' என்பதுபோல் பதினைந்து இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். கடைசியில் ஒரு சராசரி வரும், 3.62, 4.41 என்று. பல இடங்களில் ஒப்பந்த லெக்சரரின் அடுத்த ஒப்பந்தமும் நிரந்தர லெக்சரரின் பதவி உயர்வும் அந்த எண்ணைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. இந்த எண்ணால் யாருக்கு என்ன பயன், இது நியாயமானதா என்று ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். எஞ்சினியரிங் படித்தவன் என்பதால் எந்த அளவுகோலைப் பார்த்தாலும் எனக்கு வரும் முதல் கேள்வி, இது எதை அளக்கிறது என்பதுதான். இந்தப் பாரத்தைப் பொறுத்தவரை, வரலாற்றுக்குள் போகாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வாத்தியாரை எண்ணால் அளக்கும் பழக்கத்தைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் லோ. 1862இல் இங்கிலாந்தில் அவர் கொண்டுவந்த திருத்த விதிகளின்படி, ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் அரசு மானியம் பிள்ளைகளின் வருகையையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இன்ஸ்பெக்டர் முன்னால் அவர்கள் தேறுவதையும் பொறுத்தது. விளைவுக்கேற்ற கூலி என்று அதற்குப் பெயர். அதே 1860களில் இந்த முறை மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. இங்கிலாந்தில் என்ன நடந்தது என்பது பதிவாகியிருக்கிறது. எந்தப் புத்தகத்திலிருந்து சோதிப்பார்கள் என்று தெரிந்ததும் வாத்தியார்கள் அந்தப் புத்தகத்தையே வருடம் முழுக்க ஓதவைத்தார்கள். பிள்ளை வாசிக்கிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்று பிரிக்க முடியாமல் போனது. பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் இதைக் கடுமையாக எதிர்த்தார். 1890களில்தான் இங்கிலாந்து அந்த முறையைக் கைவிட்டது.

மலாயாத் தோட்டப் பள்ளிகளிலும் அரசு மானியத்துக்குச் சராசரி வருகை ஒரு கணக்காக இருந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பால்காட்டுக்கு அம்மாவோடு போன பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்த கதைகள் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் நிறைய உண்டு. பதிவேட்டில் எண் சரியாக இருந்தது. பிள்ளை அ, ஆவன்னா கற்றதா என்பது வேறு விஷயம்.

தமிழில் வாத்தியாரை மதிப்பிடும் வழக்கமே இல்லை, குருபக்திதான் உண்டு என்று சிலர் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இலக்கணத்துக்குள் நுழைவதற்கு முன்பே அங்கே ஆசிரியர் தரம் பிரிக்கப்படுகிறார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகள். ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நான்கு. கழற்சிக்காய் போட்ட குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சடைத்த குண்டிகை, வளைந்த தென்னை.

இந்த நான்கையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குடத்தில் கழற்சிக்காயைப் போட்டுக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. பாடத்தை வரிசை இல்லாமல் கொட்டும் ஆசிரியர் அப்படி. மடற்பனை தானாகப் பழத்தைப் போட்டால்தான் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. கேள்வி கேட்டால் முறைக்கும் ஆசிரியர் அவர். பஞ்சடைத்த குண்டிகைக்குள் எதுவும் சிரமப்பட்டுத்தான் போகும், வெளியே வருவதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தண்ணீர் ஊற்றியவனை விட்டு அடுத்தவன் கொல்லையில் காய் போடும் வளைந்த தென்னை எது என்று சொல்லத் தேவையில்லை. வகுப்பை விட்டு வெளி வேலையிலேயே குறியாக இருப்பவரை எந்தக் கல்லூரியிலும் பார்க்கலாம்.

பவணந்தி இங்கே 'எவ்வளவு மோசம்' என்று கேட்கவில்லை, 'எந்த வகையில் மோசம்' என்று கேட்கிறார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கழற்குடத்துக்குத் தேவை பாடத்திட்டத்தை வரிசைப்படுத்த ஓர் உதவி. மடற்பனைக்குத் தேவை, மாணவர் வந்து கேட்க நேரம் ஒதுக்கச் சொல்லி ஒரு கண்டிப்பு. குண்டிகைக்குத் தேவை பேச்சுப் பயிற்சி. நான்கு பேருக்கும் பாரத்தில் 3.2 என்றுதான் வரும். 3.2 வாங்கியவர் அடுத்த செமஸ்டரில் எதைத் திருத்துவார்?

நன்னூல் மாணவனையும் விட்டுவைக்கவில்லை. அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் நடுத்தரம், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைசி. குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை போன்ற மாணவனும் இன்று 1 முதல் 5 வரை எண் போடுகிறான், பாலை மட்டும் பிரித்தெடுக்கும் அன்னமும் எண் போடுகிறது. சராசரியில் இரண்டுக்கும் ஒரே எடை. ஒன்றையும் மறக்கக்கூடாது. நன்னூலில் இரு தரப்பையும் தரம் பிரிப்பவர் ஆசிரியர்தான். மாணவனின் குரல் அங்கேயும் இல்லை.

மாணவர்களே வாத்தியாருக்குத் தண்டம் போட்ட ஊரும் உண்டு. இத்தாலியின் பொலோன்யாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் படிக்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்தவர்கள் தங்களுக்குள் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம்தான் பல்கலைக்கழகம். பேராசிரியரை அமர்த்துவதும் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் மாணவர்கள். தாமதமாக ஆரம்பித்தால் அபராதம், மணி அடித்த பிறகும் இழுத்தால் அபராதம், கடினமான பகுதியைத் தாண்டிக் குதித்தால் அபராதம். ஐந்து பேர்கூட வகுப்புக்கு வரவில்லை என்றால் அன்று பேராசிரியரே வரவில்லை என்று கணக்கு. இதற்காக முன்கூட்டியே ஒரு தொகையைப் பேராசிரியர் கட்டி வைக்க வேண்டும், அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். பிறகு நகர அரசு பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்ததும் மாணவர்களின் அதிகாரம் மெல்லக் குறைந்தது.

தோட்டத்தையும் பொலோன்யாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. காசு கொடுப்பவர்தான் மார்க் போடுகிறார். துரை கொடுத்தபோது துரை போட்டார், மாணவர்கள் கொடுத்தபோது மாணவர்கள் போட்டார்கள். ஆனால் பொலோன்யா மாணவர்கள் எதற்குத் தண்டம் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நேரத்துக்கு வந்தாரா, பாடத்தை முடித்தாரா, கடினமான பகுதியை நடத்தினாரா. எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செய்திகள். 'இவர் எவ்வளவு நல்ல ஆசிரியர்' என்ற கேள்விக்கு அபராதப் பட்டியலில் இடம் இல்லை.

இன்றைய பாரத்தின் நேரடி மூதாதை 1927இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தது. எஞ்சினியரிங்குக்குப் பேர்போன பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியலாளர் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து ஆசிரியர்களுக்கான பர்டூ மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கினார். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் ஐந்து படி அளவுகோலை விளக்கிக் கட்டுரை எழுதினார். 1960களில் அமெரிக்க மாணவர்கள் தாங்களே பேராசிரியர்களைப் பற்றிக் கையேடுகள் அச்சிட்டார்கள். அந்த அலை அடங்கியதும் நிர்வாகங்கள் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. மாணவர்கள் எழுதிய விமர்சனம் நிர்வாகம் கேட்கும் மதிப்பெண்ணாக மாறியது.

நம் நாட்டில் இந்தப் பாரம் வந்த கதைக்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. 1974 கடைசியில் ரப்பர் விலை சரிந்து கெடா மாநிலத்தின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்காகக் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சைட் ஹுசின் அலி அந்த அலையில் பிடிக்கப்பட்டு 1980 வரை விசாரணையின்றிச் சிறையில் இருந்தார். அடுத்த ஆண்டே, 1971இல் வந்திருந்த பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டது. 'ஆவுக்கு' என்று நாம் சொல்லும் அதே சட்டம். மாணவர்கள் அரசியல் கட்சியிலோ தொழிற்சங்கத்திலோ சேரவும், அவற்றுக்கு ஆதரவு தெரிவிக்கவும் தடை வந்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் ஒரு பகுதி அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2012இலும் 2018 கடைசியிலும் வந்த திருத்தங்களில்தான் கட்டு தளர்ந்தது.

அந்த இடைப்பட்ட காலத்தில்தான் மதிப்பீட்டுப் பாரம் வேரூன்றியது. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்து கல்லூரிகள் பெருகின. 1997இல் பிடிபிடிஎன் கடன் வந்தது. கட்டணம் கட்டும் மாணவன் வாடிக்கையாளன் ஆனான். 2007இல் மலேசியத் தகுதி முகவை வந்து தரக் கண்காணிப்பை முறைப்படுத்தியது. 2009இல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது. நம்மூர் எஞ்சினியரிங் பட்டத்தை வெளிநாடுகள் ஏற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பாடத்திலும் மாணவன் என்ன செய்யக் கற்றுக்கொண்டான் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் என்றால் கோப்பு, கோப்பு என்றால் பாரம். ரப்பர் வெட்டுபவர்களின் வயிற்றைப் பற்றிப் பேசத் தடை விதிக்கப்பட்டிருந்த மாணவனிடம், லெக்சரரின் ஸ்லைடு எழுத்து பெரிதாக இருந்ததா என்று கேட்டார்கள். கேட்டது தப்பு என்று சொல்லவில்லை. எந்தக் குரல் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் எந்தக் குரல் திறந்துவிடப்பட்டது என்பதை நாம் மறக்கக்கூடாது.

சரி, பாரம் எதை அளக்கிறது?

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் புரியும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். ரப்பர்ப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் போடுவார்கள். எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்து நிமிடத்தில் ஒரு கணக்குச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவி ரப்பரை நேரடியாக அளப்பதில்லை, பாலின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. வெயில் ஏறினாலும், மரத்தின் ரகம் மாறினாலும், தண்ணீர் கலந்த அளவு மாறினாலும் கணக்கு மாறும். சரியான விடை வேண்டுமென்றால் கொஞ்சம் பாலை எடுத்து அமிலம் விட்டு உறைய வைத்து, அழுத்தி, காய வைத்து, நிறுக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அவசரக் கணக்குக்கு மெட்ரோலாக் போதும். சண்டை வந்தால் காய வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மாணவர் மதிப்பீடும் ஒரு மிதவைதான். லிக்கர்ட் தன் அளவுகோலை உருவாக்கியது பதில் சொல்பவரின் மனப்பான்மையை அளக்க. எதிரில் இருக்கும் ஆசிரியரின் திறமையை அளக்க அவர் அதைச் செய்யவில்லை. நாம் அதை எடுத்து, வந்த எண்ணைப் பதில் சொன்னவரின் மேல் ஒட்டாமல் ஆசிரியரின் மேல் ஒட்டிவிட்டோம்.

இந்த ஒட்டு எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டும் ஆய்வுகள் பல. 1970இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகம் செய்து, மருத்துவக் கல்விக்குக் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் பேச வைத்தார்கள். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. சிரிப்பும் முரண்பாடும் புதுப்புது வார்த்தைகளுமாகப் பேசினார். கேட்டவர்கள் உளவியலும் மருத்துவமும் படித்தவர்கள், அவரை நன்றாகவே மதிப்பிட்டார்கள். முடிவு 1973இல் வெளியானது. சாமர்த்தியமாகப் பேசுவதும் சொல்லிக் கொடுப்பதும் ஒன்றாகத் தெரிந்துவிடுகின்றன.

2010இல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் அமெரிக்க விமானப்படை அகாடமியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அங்கே மாணவன் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் போலத்தான் வகுப்பில் போடுவார்கள். எல்லா வகுப்புக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. நியாயமான ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். முதல் கால்குலஸ் பாடத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள், ஆசிரியர்களுக்கும் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஆனால் அடுத்தடுத்து வந்த கடினமான பாடங்களில் முன்னால் நின்றவர்கள் இவர்கள்தான். மிதவை சொன்ன கணக்கும் காய வைத்துப் பார்த்த கணக்கும் எதிரெதிராக வந்தன.

'ஒருவர் இருவர் தப்பாகச் சொல்லலாம், நூறு பேர் சொன்னால் சரியாகிவிடும்' என்பார்கள். அளவையில் இரண்டு வகைப் பிழை உண்டு. ஒன்று தற்செயலாக மேலும் கீழும் ஆடுவது, பல முறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். இன்னொன்று எப்போதும் ஒரே பக்கம் சாய்வது. தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கல் மாதிரி. ஆயிரம் தடவை நிறுத்தாலும் அது போகாது. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசின் மேல் கண் வைத்து நின்றவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை.

பாரத்தின் அடியிலும் அந்தக் கல் இருக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. இணையவழி வகுப்பு, முகம் தெரியாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தலா இரண்டு குழுக்களுக்கு நடத்தினார்கள், ஒன்றில் சொந்த அடையாளத்தில், இன்னொன்றில் மற்றவரின் அடையாளத்தில். வீட்டுப்பாடம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திருத்தித் தரப்பட்டது. 'உடனுக்குடன் திருத்தித் தந்தார்' என்பதற்கு, ஆண் என்று நினைத்த ஆசிரியருக்கு 5க்கு 4.35, பெண் என்று நினைத்தவருக்கு 3.55. மொத்தம் 43 மாணவர்கள் மட்டுமே கலந்துகொண்ட சிறிய ஆய்வு அது. ஆனாலும் கடிகாரம் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு விஷயத்திலேயே பெயர் குறுக்கிடுகிறது என்றால், 'ஊக்கமூட்டினார்' என்பது போன்ற வாக்கியங்களில் என்னவெல்லாம் குறுக்கிடும்? நம்மூரில் இதற்கு இன்னும் சில கற்கள் உண்டு. எந்த இனம், எந்த நாட்டு உச்சரிப்பு, மலாயில் நடத்தினாரா ஆங்கிலத்தில் நடத்தினாரா. தமிழ்நாட்டிலிருந்து வந்த லெக்சரரின் ஆங்கிலத்தைக் கேலி செய்து கருத்துப் பெட்டியில் எழுதுபவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். 12 பேர் உள்ள வகுப்பு. பத்துப் பேர் 4 போடுகிறார்கள். காப்பியடித்துப் பிடிபட்ட இரண்டு பேர் கோபத்தில் 1 போடுகிறார்கள். சராசரி 3.5. நிர்வாகம் 4 என்று கோடு போட்டிருந்தால், பிடித்த லெக்சரர் கோட்டுக்குக் கீழே போய்விட்டார். அடுத்த செமஸ்டரில் அவர் யாரையும் பிடிக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். 1862இல் மனப்பாடம் செய்ய வைத்த வாத்தியாரின் புத்திசாலித்தனமும் இதே ரகம்தான்.

நிரப்பும் விதத்தையும் சொல்ல வேண்டும். பாரத்தை முடித்தால்தான் தேர்வு முடிவு திறக்கும் என்று சில இடங்களில் பூட்டு வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் ராத்திரி உட்கார்ந்து ஆறு பாடத்துக்கும் மேலிருந்து கீழே ஒரே கோடாக 4 போட்டுவிட்டு எழுந்து போவார்கள். 'எல்லாருக்கும் நாலு போட்டுடு மச்சான், பிரச்சனை வராது.'

அப்படியானால் பாரத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கனடாவில் இந்தக் கேள்வி வழக்காகவே போனது. டொராண்டோவில் அப்போது ரையர்சன் என்று பெயர் கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் நடந்த தகராறில், 2018இல் நடுவர் வில்லியம் கப்லான் தீர்ப்புச் சொன்னார். பதவி உயர்வு, நிரந்தரம் ஆகியவற்றுக்காகக் கற்பிக்கும் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டுச் சராசரிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் மாணவர்களிடம் கேட்பதையே நிறுத்தச் சொல்லவில்லை. வகுப்பில் தங்களுக்கு என்ன அனுபவம் கிடைத்தது என்பதைச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை.

எனக்கும் இந்த இடம்தான் சரியாகப் படுகிறது. மாணவன் சாட்சி. அவனைக் கூண்டிலிருந்து இறக்கி நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்ததில்தான் தவறு ஆரம்பிக்கிறது. சாட்சியிடம் நீதிமன்றத்தில் 'குற்றவாளி எவ்வளவு கெட்டவர், 1 முதல் 5 வரை சொல்லு' என்று யாரும் கேட்பதில்லை. 'அன்று எத்தனை மணிக்கு எங்கே பார்த்தாய்' என்று கேட்பார்கள். பாரமும் அப்படிக் கேட்கலாம். எத்தனை வகுப்பு ரத்தானது, மாற்று வகுப்பு நடந்ததா? முதல் தேர்வுத்தாள் எந்த வாரம் கைக்கு வந்தது? எந்தத் தலைப்பு நடத்தப்படாமல் போனது? கேள்வியோடு அறைக்குப் போனபோது ஆள் இருந்தாரா? எந்த இடத்தில் பாடம் புரியாமல் போக ஆரம்பித்தது? இவை பொலோன்யாக்காரர்கள் கேட்ட மாதிரியான கேள்விகள். 'உடனுக்குடன்' என்ற அடைமொழியில் பெயரும் பாலினமும் ஒட்டிக்கொள்ளும். 'ஏழாவது வாரம்' என்ற பதிலில் ஒட்டிக்கொள்வது கஷ்டம், ஒட்டினாலும் மற்ற பதில்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இந்தியாவில் நாக் அமைப்பு 2017 முதல் நடத்தும் கணக்கெடுப்புக்கு மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு என்றே பெயர். திருப்தி என்ற சொல் ஹோட்டலுக்குப் பொருந்தும். கால்குலஸ் நடத்தும்போது மாணவனுக்கு அவ்வப்போது அதிருப்தி வரத்தான் செய்யும்.

பாடத்தில் சரக்கு இருக்கிறதா, காலாவதியான பாடமா என்பதைச் சக ஆசிரியர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மாணவன் உண்மையில் கற்றானா என்பதைச் சொல்லக் காலம் வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, 1876இல் அவர் இறக்கும்வரை படித்தார். அந்த வருடம் யாராவது பாரத்தை நீட்டியிருந்தால் எல்லாவற்றுக்கும் 5 போட்டிருப்பார். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்தீர் என்று கேட்டார். இவர் அந்தாதி, புராணம், பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் சொல்ல, அவர் அசையாமல் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஒரு பெரிய இலக்கிய உலகம் தனக்குச் சொல்லித் தரப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் அளவுக்குத் தமிழை உள்ளே இறக்கி வைத்ததும் அதே ஆசிரியரின் பயிற்சிதான். குறையும் தெரிந்தது, கடனும் தெரிந்தது. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக அவர் வெளியிட்டது 1933லும் 1934லும். ஐம்பத்தேழு வருடம் காய்ந்த ரப்பர் அது.

எல்லோருக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. பட்டம் வாங்கி மூன்று வருடம் வேலை பார்த்தவர்களிடம் 'எந்தப் பாடம் உங்களுக்கு இன்றும் கை கொடுக்கிறது, யார் நடத்தினார்' என்று கேட்க முடியும். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர்களிடம் சும்மா இதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் பெயர்களில் பாதி, படிக்கும்போது 'கொடூரம்' என்று திட்டப்பட்டவர்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், கேட்பதை நிறுத்தச் சொல்லும் பக்கம் என்னால் சேர முடியவில்லை. காரணம் தோட்டம்தான். எங்கள் குடும்பங்களில் வாத்தியாரை யாரும் கேள்வி கேட்டதில்லை. வாத்தியார், கிராணி, துரை எல்லோரும் ஒரே பக்கம், நாங்கள் இன்னொரு பக்கம். குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு, 'உன் ஆசிரியர் எப்படி நடத்தினார்' என்று அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் கேட்பது வாழ்க்கையில் முதல் முறை. நூறு வருடம் கேட்கப்படாத கேள்வி அது. வகுப்புக்கே வராத, மாணவியிடம் தப்பாகப் பேசுகிற, ஓர் இனத்துப் பிள்ளைகளை மட்டும் தள்ளி வைக்கிற ஆளைப் பற்றிச் சொல்ல வேறு வழி இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வழியை அடைத்தால் பேச்சு மறுபடியும் பைப்படிக்குத்தான் போகும்.

அதனால்தான் அந்தக் கேள்வியை இரண்டு நிமிடத்தில் கோடு போட்டு முடிக்கும் சடங்காக ஆக்கியது எனக்குக் கோபம் தருகிறது. இந்தப் பக்கம் மாணவனின் சாட்சியம் வீணாகிறது. அந்தப் பக்கம் ஒப்பந்தம் முடியப்போகும் ஒரு லெக்சரர், எதற்காக என்று தெரியாத 3.5ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த முறை பாரம் திறந்தால் எண்களை எப்படியாவது போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் காலியாக விட்டிருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தில் மட்டும் நடந்ததை, நாளும் வாரமுமாக, ஐந்து வரி எழுதுங்கள். எங்கே புரிந்தது, எங்கே புரியாமல் போனது என்று எழுதுங்கள். நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். படிப்பவருக்கு எதைத் திருத்துவது என்று அப்போதாவது தெரியும்.